நாலு தலை... ஒரு ஆலிவ் ஆயில் பாட்டில்!

இன்னிக்குக் காலையில தலை வாரினப்போ சீப்புல எத்தனை முடி வந்துச்சுன்னு எண்ணிப் பார்த்தீங்களா? 'அதையெல்லாமா எண்ணுவாங்க?'ன்னு கேட்கிறவங்க பாக்கியசாலிங்க. தாராளமா அடுத்த பக்கத்துக்குப் போயிடலாம். '23'ன்னு பட்டுனு பதில் சொன்னவங்க மட்டும் இங்கே வாங்க, உட்காருங்க. இது நம்ம பக்கம்!

தலைமுடி விஷயத்துல நம்ம ஊர்ல டாக்டர் பட்டம் வாங்காத ஆளே கிடையாது. பஸ்ல பக்கத்து சீட்டு அக்கா வெங்காயச் சாறு தேய்க்கச் சொல்வாங்க. மெஸ் ஆயா கறிவேப்பிலையைக் காய்ச்சச் சொல்வாங்க. ஜெராக்ஸ் கடை அண்ணன் (அவருக்கே உச்சியில வழுக்கை!) செம்பருத்தியை சிபாரிசு பண்ணுவார். இப்போ செல்போனைத் திறந்தா ஆளாளுக்கு ஆலிவ் ஆயிலைக் கையில வெச்சுக்கிட்டு, 'ஏழே நாள்ல இடுப்பு வரைக்கும்'னு சத்தியம் பண்றாங்க.

அந்த ஆலிவ் ஆயிலை நாங்க நாலு பேர், ஒரே ரூம்ல, ஒரே பாட்டில்ல இருந்து எடுத்துத் தேய்ச்சோம். நாலு தலையிலயும் நாலு விதமா வேலை செஞ்சுது. அதுல ஒரு தலைக்குப் பின்னாடி, எண்ணெய்க்குச் சம்பந்தமே இல்லாத ஒரு பெரிய விஷயம் ஒளிஞ்சிருந்துச்சு. அதைச் சொல்லத்தான் இவ்வளவு பில்டப்!

ஊர்ப் பேரே உத்தியோகப் பேர்!

எங்க ஹாஸ்டல் திருச்சியில. அங்கே யாரையும் பேர் சொல்லிக் கூப்பிடற வழக்கமே கிடையாது. ஊர்ப் பேர்தான். என் ரூம்ல திண்டுக்கல், ஓசூர், தென்காசி. நான் பட்டுக்கோட்டை.

நாலு பேருக்கும் பொதுவான எதிரி ஒண்ணு உண்டு. பாத்ரூம் குழாய்ல வர்ற போர் தண்ணி! பக்கெட்டோட உட்புறம் வெள்ளையா படிஞ்சிருக்கும். சோப்பு போட்டா நுரை வராது. அந்தத் தண்ணியில இருக்கிற கால்சியமும் மெக்னீசியமும் சோப்போட சேர்ந்து பிசுபிசுன்னு ஒரு படலமாகி முடியில ஒட்டிக்கும். ஒரு செமஸ்டர் முடியறதுக்குள்ள என் பின்னல் தென்னை விளக்குமாறு மாதிரி ஆயிடுச்சு.

இந்த நேரத்துலதான் திண்டுக்கல் ஒரு நாள் சாயங்காலம், "ஏய், ஷேர் போட்டு ஆலிவ் ஆயில் வாங்கலாமாடி?"ன்னு ஆரம்பிச்சா. கால் லிட்டர் பாட்டில், ஆளுக்கு நூறு ரூபாய்ச் சொச்சம். நாலு நாள் டீ, பஜ்ஜியைத் தியாகம் பண்ணினா பட்ஜெட் ஓகே!

வாங்கப் போன இடத்துல ஒரு பாடம் கிடைச்சுது. அதையும் குறிச்சுக்கோங்க. 'ஆலிவ் ஹேர் ஆயில்'னு பெரிய எழுத்துல போட்டு, பச்சைக் காய் படம் போட்ட பாட்டில் ஒண்ணு விலை கம்மியா இருந்துச்சு. திருப்பிப் பின்பக்கம் படிச்சா, உள்ளே இருக்கிற பொருள் பட்டியல்ல முதல் பேரே லிக்விட் பாரஃபின். ஆலிவ் எங்கேயோ கடைசி வரிசையில கூட்டத்தோட கூட்டமா நிக்குது. அழகுப் பொருட்கள்ல எது அதிகமோ அதைத்தான் முதல்ல போடுவாங்க. அதனால பேரைப் பார்க்காதீங்க, பட்டியலைப் பாருங்க. நாங்க கடைசியில வாங்கினது சமையலுக்கு விக்கிற சாதாரண ஆலிவ் ஆயில்.

தென்னை நாட்டுக்காரிக்கு எதுக்கு ஆலிவ்?

நீங்க கேட்கறதுக்கு முன்னாடி அப்பாயியே கேட்டாச்சு! பட்டுக்கோட்டைப் பக்கம் வந்தவங்களுக்குத் தெரியும், கண்ணுக்கு எட்டின வரைக்கும் தென்னைதான். கொல்லையில தேங்காய், முற்றத்துல கொப்பரை, அலமாரியில செக்குல ஆட்டின எண்ணெய். காசு கொடுத்து எண்ணெய் வாங்கறதைக் கௌரவக் குறைச்சலா நினைக்கிற குடும்பம் எங்களுது.

2018 நவம்பர் 16-ம் தேதி விடியறதுக்கு முன்னாடி கஜா புயல் வந்துச்சு. காலையில கதவைத் திறந்து பார்த்தா தோப்பு இருந்த இடத்துல வானம் தெரிஞ்சுது. எங்க 40 மரத்துல 31 மரம் தரையில. அப்பாயி ஒரு வார்த்தை பேசலை. விழுந்த மரம் ஒண்ணு மேல உட்கார்ந்து, அதைத் தடவிக்கிட்டே இருந்தாங்க. எங்க டெல்டாவுல அன்னிக்கு எத்தனையோ வீட்டுல அதே காட்சிதான். நெட்டை ரகத் தென்னங்கன்னு நட்டா, காய்க்க ஆறேழு வருஷம் ஆகும். அதுக்கப்புறம் நாங்களும் பாக்கெட் எண்ணெய் வாங்கற சாதியாயிட்டோம்.

அதனால போன்ல, "அப்பாயி, ஆலிவ் ஆயில் வாங்கியிருக்கோம்"னு சொன்னப்போ கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

"அது என்ன மரம்டி ஆத்தா?"

பக்கத்துல இருந்த தென்காசி போனைப் பிடுங்கி, "பாட்டி, எங்க பைபிள்ல ஒலிவ மரம்னு வரும்லா... நோவாகிட்ட புறா இலை கொத்திட்டு வருமே, அந்த மரம்தான்"னா.

அப்பாயி சொன்ன பதில்தான் இந்தக் கட்டுரையோட சாராம்சமே. "எந்த மரத்து எண்ணெயா இருந்தா என்ன புள்ள. எண்ணெயைப் பார்த்து வைக்காதீங்க, தலையைப் பார்த்து வையுங்க."

அப்போ அது சும்மா ஒரு பழமொழி மாதிரிதான் காதுல விழுந்துச்சு. மூணு மாசத்துல முழு அர்த்தமும் புரிஞ்சுது.

தலை நம்பர் 1: பட்டுக்கோட்டை

என்னோடது அடர்த்தியான, வறண்ட முடி. ஞாயித்துக்கிழமை காலையில ரெண்டு டீஸ்பூன் எண்ணெயைக் கிண்ணத்துல ஊத்தி, கிண்ணத்தை வெந்நீர் மேல வெச்சு, கை பொறுக்கிற சூடு வந்ததும் முடியோட நடுவுல இருந்து நுனி வரைக்கும் தடவுவேன். முக்கால் மணி நேரம் கழிச்சு ஷாம்பு. அவ்வளவுதான்.

நாலாவது வாரம் சீப்பு நடுவழியில மாட்டாம இறங்குச்சு. முடி வளர்ந்துச்சான்னா, ம்ஹூம்! ஆனா உடையறது குறைஞ்சுது. இது ரெண்டும் வேற வேற சமாச்சாரம். அந்த வித்தியாசம் புரியாமத்தான் பாதிப் பேர் காசைக் கரைக்கிறோம்.

நம்ம கண்ணுக்குத் தெரியற முடி உயிரில்லாத பொருள். கெரட்டின்ங்கிற புரதம்தான் அது. உயிர் இருக்கிறது தோலுக்குள்ள, வேர்ல மட்டும். முடியோட மேல்புறம் ஓட்டு வீட்டுக் கூரை மாதிரி, ஒண்ணு மேல ஒண்ணு அடுக்கின செதில்களால ஆனது. வெயில், உரசல், சூடு எல்லாம் சேர்ந்து அந்த ஓடுகளைத் தூக்கி விடுது. அப்போ ஒண்ணோட ஒண்ணு சிக்கி, இழுத்தா உடையுது. எண்ணெய் அந்த ஓடுகளை வழவழப்பாக்கி உரசலைக் குறைக்குது. அதோட, குளிக்கும்போது முடி தண்ணியைக் குடிச்சு ஊதறதையும், காய்ஞ்சதும் சுருங்கறதையும் கொஞ்சம் மட்டுப்படுத்துது. எண்ணெய் செய்யற வேலை இதுதான். வேருக்கு உரம் போடற வேலையை அது செய்யறதில்லை.

'அப்போ தேங்காய் எண்ணெயா, ஆலிவ் எண்ணெயா?'ன்னு பட்டிமன்றம் வைக்கிறவங்களுக்கு ஒரு தகவல். தேங்காய் எண்ணெய்ல பாதிக்கு நெருக்கமா இருக்கிறது லாரிக் அமிலம். சின்னதா, நேரா இருக்கிற மூலக்கூறு. முடிக்குள்ள நுழைஞ்சிடும். ஆலிவ்ல பெரும்பங்கு ஒலீயிக் அமிலம். அது நீளமானது, நடுவுல ஒரு வளைவு வேற. 2003-ல் வெளியான ஒரு ஆய்வுல தேங்காய் எண்ணெய், சூரியகாந்தி எண்ணெய், மினரல் ஆயில் மூணையும் முடியில தடவிப் பார்த்தாங்க. முடி புரதத்தை இழக்கிறதைக் குறைச்சது தேங்காய் எண்ணெய் மட்டும்தான். செஞ்சவங்க தேங்காய் எண்ணெய் விக்கிற மும்பை கம்பெனி ஒண்ணோட ஆய்வுப் பிரிவுக்காரங்கங்கிறதையும் சேர்த்தே ஞாபகம் வெச்சுக்கோங்க. அந்தப் போட்டியில ஆலிவ் கலந்துக்கவே இல்லை. அதனால ஆலிவ் தோத்துச்சுன்னும் சொல்ல முடியாது, ஜெயிச்சுதுன்னும் சொல்ல முடியாது. என் வறண்ட முடிக்கு ரெண்டுமே நல்லாத்தான் இருக்கு. விலையை நினைச்சா தென்னைக்குத்தான் என் ஓட்டு. சொந்த ஊர் பாசம்!

தலை நம்பர் 2: ஓசூர்

ஓசூருக்கு வருஷத்துக்கு ரெண்டு தடவை ஸ்ட்ரெய்ட்டனிங். நுனி ரெண்டு ரெண்டா பிளந்து நிக்கும். ஆலிவ் ஆயிலை நாலஞ்சு சொட்டு மட்டும் உள்ளங்கையில தேய்ச்சு, நுனியில தொட்டுக்குவா. பளபளப்பு செமையா இருந்துச்சு. பிளந்த நுனி ஒட்டிக்கிச்சான்னா, இல்லை. பிளந்தது பிளந்ததுதான். அதை ஒட்டவைக்கிற எண்ணெய் உலகத்துல கிடையாது, கத்தரிக்கோல்தான் கதி. எண்ணெய் அதை மறைக்கும், மேல மேல பிளக்கிறதைக் கொஞ்சம் தள்ளிப் போடும்.

இன்னொரு சங்கதி: எண்ணெய் தடவின முடியில சூடான அயர்ன் வைக்கவே கூடாது. சூடாகிற எண்ணெய் முடியையும் தோலையும் சுட்டுடும். ஓசூர் இந்த விஷயத்துல உஷார் பார்ட்டி. எண்ணெய் நாள் வேற, அயர்ன் நாள் வேறன்னு காலண்டர்லயே குறிச்சு வெச்சிருந்தா.

தலை நம்பர் 3: திண்டுக்கல்

ஐடியா கொடுத்த மகராசிக்கே ஆப்பு! அவளுக்குப் பொடுகு. 'தலை வறண்டதாலதான் பொடுகு உதிருது, எண்ணெய் போட்டா சரியாயிடும்'னு அவங்க வீட்டுல சொல்லிக் கொடுத்த பாடம். உங்க வீட்டுலயும் அதேதானே? தாராளமா உச்சந்தலையில ஊத்தி, ராத்திரி முழுக்க ஊறவெச்சா. மூணாவது வாரம் கறுப்பு சுடிதார் போட்டா தோள்ல பனி பெய்ஞ்ச மாதிரி! அரிப்பு வேற. நெத்தி ஓரம் பொரிப் பொரியா பருவும் கிளம்பிடுச்சு.

காரணம் கேட்டா நீங்களே அசந்துடுவீங்க. எல்லார் தலையிலயும் மலசேசியான்னு ஒரு பூஞ்சை குடியிருக்கு. அதோட சாப்பாடே எண்ணெய்தான். நம்ம தோல் சுரக்கிற எண்ணெயைச் சாப்பிட்டு, ஒலீயிக் அமிலத்தை மிச்சம் விடும். அந்த அமிலம் சில பேர் தோலுக்கு ஆகாது. அரிச்சு, செதில் செதிலா உதிரும். அதுதான் பொடுகு. ஆலிவ் ஆயில்ல அதிகமா இருக்கிறதும் அதே ஒலீயிக்தான்! ஆய்வுக்கூடத்துல இந்தப் பூஞ்சையை வளர்க்கணும்னா தட்டுல எதை ஊத்துவாங்க தெரியுமா? ஆலிவ் எண்ணெயை! எங்க மைக்ரோபயாலஜி சீனியர் அக்கா இதைச் சொன்னப்போ, திண்டுக்கல் ரெண்டு கையாலயும் தலையைப் பிடிச்சுக்கிட்டு, "அப்போ நான் மூணு வாரமா பண்ணை வெச்சிருக்கேனா?"ன்னா பாருங்க... ஹாஸ்டலே சிரிச்சுது.

அவளுக்கு வழி எண்ணெயில இல்லை. கீட்டோகொனசோல் இருக்கிற ஷாம்புவை டாக்டர் எழுதிக் கொடுத்தார். தேய்ச்ச உடனே அலசாம அஞ்சு நிமிஷம் ஊறவிட்டுக் குளிக்கச் சொன்னார். ஒரு மாசத்துல கறுப்பு சுடிதார் மறுபடி அலமாரியை விட்டு வெளியே வந்துடுச்சு.

தலை நம்பர் 4: தென்காசி

இப்போ சிரிப்பைக் கொஞ்சம் ஓரமா வெச்சுட்டு வாங்க.

தென்காசியோட பின்னல் எங்க டிபார்ட்மென்ட்லயே ஃபேமஸ். கல்லூரி ஆண்டு விழாவுல நாலு முழம் மல்லிப்பூ வெச்சாலும் தாங்கற கூந்தல். ஜனவரியில அது கொட்ட ஆரம்பிச்சுது. சும்மா கொட்டலை. கொத்துக் கொத்தா! தலையணையில, தரையில, சாம்பார் தட்டுல. பாத்ரூம் சாக்கடை வலையில உருண்டை உருண்டையா. வகிடு அகலமாகி, ட்யூப் லைட் வெளிச்சத்துல தலைத்தோல் தெரிஞ்சுது.

ஆலிவ் ஆயிலுக்கு எங்களைவிட அதிகமா ஏங்கினது அவதான். வாரத்துக்கு மூணு தடவை தேய்ச்சா. தேய்க்கும்போதே விரலோட முடி வரும். அதைச் சுருட்டி ஒரு பாலிதீன் பைக்குள்ள போட்டு சேர்த்து வெச்சிருந்தா. ஏன்டின்னு கேட்டா பதில் சொல்ல மாட்டா.

முதல்ல சாயங்கால வாக்கிங் நின்னுது. அப்புறம் கேன்டீன். அப்புறம் துப்பட்டாவைத் தலையில போட்டுக்கிட்டு கடைசி பெஞ்ச். அப்புறம் க்ளாஸே! பிப்ரவரி நடுவுல அவளோட அட்டெண்டன்ஸ் 68 சதவிகிதம். 75 இல்லைன்னா பரீட்சை எழுத விடமாட்டாங்க. ஊர்ல இருந்து அம்மா போன்ல அழுகை. "இந்த முடியோட யாருட்டி பொண்ணு பார்க்க வருவா? படிச்சது போதும், வீட்டுக்கு வா"ங்கிறது தினசரி வசனமாயிடுச்சு. ஒரு பொண்ணோட டிகிரி, அவ பின்னலோட தடிமன்ல தொங்கிக்கிட்டு இருந்துச்சு.

நாங்க மூணு பேரும் ஒரு திங்கட்கிழமை அவளைக் கிட்டத்தட்ட தூக்கிக்கிட்டே அரசு ஆஸ்பத்திரி தோல் பிரிவுக்குப் போனோம். டாக்டரம்மா முடியைப் பார்த்தது ரெண்டு நிமிஷம். கேள்வி கேட்டது பதினஞ்சு நிமிஷம்.

"நாலு மாசத்துக்குள்ள பெரிய காய்ச்சல் ஏதாவது வந்துச்சாம்மா?"

"அக்டோபர்ல டெங்கு, மேடம். ஆஸ்பத்திரியில எட்டு நாள்."

"காலையில என்ன சாப்பிடுவே?"

மௌனம். எட்டு மணி லேபுக்கு ஓடற அவசரத்துல ரெண்டு வருஷமா காலைச் சாப்பாடே கிடையாது.

"மாசாமாசம் எத்தனை நாள் இருக்கும்?"

"ஏழு... எட்டு நாள் மேடம். அதிகமாத்தான் போகும்."

டாக்டரம்மா அவளோட கீழ் இமையை இழுத்துப் பார்த்தாங்க. நகத்தைப் பார்த்தாங்க. ரத்தப் பரிசோதனைக்கு எழுதினாங்க. மறுநாள் ரிசல்ட் வந்துச்சு. ஹீமோகுளோபின் 8.4. பெண்களுக்கு 12-க்குக் குறைஞ்சாலே ரத்தசோகை. மாடிப்படி ஏறினா மூச்சு வாங்கறது, க்ளாஸ்ல தூங்கி வழியறது, எந்நேரமும் தலைவலி... 'சோம்பேறி'ன்னு நாங்க கிண்டல் பண்ற அத்தனைக்கும் அந்த ஒத்தை நம்பர்ல பதில் இருந்துச்சு.

டாக்டரம்மா சொன்னதை அப்படியே உங்களுக்கும் சொல்லிடறேன். தலைமுடி எல்லாம் ஒரே நேரத்துல வளர்றதில்லை. பத்துல எட்டொன்பது பங்கு வளர்ற கட்டத்துல இருக்கும். மிச்சம் ஓய்வுல இருந்து உதிரும். அதனால ஒரு நாளைக்கு 50 முதல் 100 முடி வரைக்கும் விழறது சகஜம். கடுமையான காய்ச்சல், ஆபரேஷன், பிரசவம், பட்டினி டயட், பெரிய அதிர்ச்சி மாதிரி ஏதாவது வந்தா, உடம்பு 'இப்போ முடி வளர்க்க நேரமில்லை'ன்னு முடிவு பண்ணி, நிறைய முடியை ஒரே சமயத்துல ஓய்வுக்கு அனுப்பிடும். அது உடனே கொட்டாது. ரெண்டு, மூணு மாசம் கழிச்சுத்தான் மொத்தமா கொட்டும். அதனாலதான் அக்டோபர் காய்ச்சலுக்கும் ஜனவரி முடிக்கும் யாரும் முடிச்சுப் போடறதில்லை. இதுல வேர் சாகறதில்லை. காரணம் சரியானா, பெரும்பாலும் ஆறு மாசத்துக்குள்ள கொட்டறது நின்னு புது முடி முளைக்க ஆரம்பிச்சிடும். இதோட ரத்தசோகை வேற சேர்ந்தா கேட்கவே வேணாம்.

"எண்ணெய் போடலாமா மேடம்?"னு தென்காசி கடைசியா கேட்டா.

"போடும்மா, ஆசைக்குப் போடு. ஆனா பசியில இருக்கிறது உன் முடி இல்லை. நீ!"

வெளியே வந்து, ஆஸ்பத்திரி வாசல் வேப்பமரத்தடியில அவ உட்கார்ந்து அழுத அழுகை இருக்கே... அது சோகத்துல இல்லைங்க. தனக்கு வந்தது சாபம் இல்லை, தீட்டு இல்லை, பேர் இருக்கிற, மருந்து இருக்கிற ஒரு சாதாரணப் பிரச்னைன்னு தெரிஞ்ச நிம்மதியில.

கிரெடிட் யாருக்கு?

அதுக்கப்புறம் எங்க ரூம்ல அவசரச் சட்டம் போட்டோம். காலையில லேப் இருக்கோ இல்லையோ, தென்காசி ரெண்டு இட்லியாவது சாப்பிட்டே ஆகணும். இரும்புச் சத்து மாத்திரை போட்டா பக்கத்துல எலுமிச்சைச் சாறு, இல்லைன்னா நெல்லிக்காய். வைட்டமின் சி இருந்தா இரும்பு உடம்புல நல்லா ஒட்டும். டீ, காபி மாத்திரைக்கு ஒரு மணி நேரம் தள்ளித்தான். அது இரும்பை ஒட்ட விடாது. மாதவிடாய்ப் பிரச்னைக்குத் தனியா மகளிர் பிரிவுல காட்டினோம். டெங்குவுல படுத்த நாட்களுக்கு மருத்துவச் சான்றிதழ் கொடுத்து, அபராதம் கட்டி, பரீட்சைக்கு அனுமதியும் வாங்கியாச்சு. அவங்க அம்மாகிட்ட டாக்டரம்மாவே ரெண்டு நிமிஷம் போன்ல பேசினாங்க. 'வீட்டுக்கு வா' வசனம் நின்னுது.

ஜூன் மாசம் லீவு முடிஞ்சு வந்தப்போ நெத்தி ஓரத்துல, வகிட்டுல எல்லாம் குட்டிக் குட்டியா புது முடி, மழைக்கு அப்புறம் முளைச்ச அருகம்புல் மாதிரி நிமிர்ந்து நிக்குது. எண்ணெய் போட்டாலும் படியாது. அதைப் பார்த்து நாங்க போட்ட ஆட்டத்துல வார்டன் வந்து கதவைத் தட்டிட்டாங்க!

இனிமேதான் வேடிக்கை. விஷயம் ஹாஸ்டல் முழுக்கப் பரவிச்சு. எப்படின்னு நினைக்கிறீங்க? 'தென்காசிக்கு ஆலிவ் ஆயில்ல முடி வளர்ந்துடுச்சாம்!' அடுத்த வாரமே மூணு ரூம்ல புது பாட்டில். நாங்க இட்லி கதையும் ஹீமோகுளோபின் கதையும் சொன்னா யாரும் காது கொடுக்கலை. எண்ணெய்க் கதை சுலபமா இருக்குல்ல? பாட்டிலை வாங்கினா போதும். ரத்தப் பரிசோதனைன்னா ஊசி குத்தணும், காலையில எழுந்து சாப்பிடணும், மாதவிடாய் பத்தி டாக்டர்கிட்ட வாய் திறக்கணும்.

கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. காய்ச்சல்ல கொட்டற முடி, சில மாசத்துல தானாவே திரும்ப முளைக்கும். அந்த நேரத்துல நீங்க எதைத் தேய்ச்சிருந்தாலும், அது வெங்காயமோ ஆலிவ்வோ கழுதைப் பாலோ, பேர் அதுக்குத்தான் போகும். ஊர்ல உலாவற முக்கால்வாசி கூந்தல் அதிசயங்களோட ரகசியம் இதுதான்னு எனக்குத் தோணுது.

இந்தியாவுல 15 முதல் 49 வயசுக்குள்ள இருக்கிற பெண்கள்ல 57 சதவிகிதம் பேருக்கு ரத்தசோகைன்னு 2019-21 தேசிய குடும்பநல ஆய்வு சொல்லுது. பாதிக்கு மேல! உங்க க்ளாஸ்ல பொண்ணுங்க பெஞ்சை ஒரு தடவை திரும்பிப் பாருங்க. அந்தக் கணக்குல யாரோ ஒருத்தி தன் வகிட்டைக் கண்ணாடியில பார்த்துக்கிட்டு, எந்த எண்ணெய் வாங்கலாம்னு யோசிச்சுக்கிட்டு இருப்பா.

சரி, ஆலிவ் போடலாமா... வேணாமா?

தாராளமா போடலாம். எங்க ரூம் அனுபவத்தையும் டாக்டரம்மா அறிவுரையையும் கலந்து சில டிப்ஸ்:

முடி வறண்டிருந்தா, சுருட்டையா இருந்தா, கலரிங், ஸ்ட்ரெய்ட்டனிங் பண்ணியிருந்தா ஆலிவ் உதவும். ரெண்டு டீஸ்பூன் போதும். ஊத்தினா ஷாம்பு செலவுதான் டபுள்!

முதல் தடவையா? முழங்கையோட உட்பக்கம் ஒரு சொட்டு தடவி ஒரு நாள் விட்டுப் பாருங்க. சிவந்தா, அரிச்சா அந்த எண்ணெய் உங்களுக்கு வேணாம்.

பொடுகு, அரிப்பு, நெத்தியில பரு இருக்கிறவங்க உச்சந்தலையில தேய்க்காதீங்க. ராத்திரி முழுக்க ஊறவைக்கவும் வேணாம்.

எண்ணெயை அடுப்புல நேரா வைக்காம, வெந்நீர்ல கிண்ணத்தை வெச்சு சூடு பண்ணுங்க. நகத்தால சுரண்டாம விரல் நுனியால தடவுங்க. ஈர முடியை இறுக்கிப் பின்னாதீங்க.

எண்ணெய் முடியை உடையாம பார்த்துக்கும். அது வேரோட வர்றதைத் தடுக்கிற பொறுப்பை அது மேல சுமத்தாதீங்க. திடீர்னு கொத்தா கொட்டுதா? வட்ட வட்டமா சொட்டை விழுதா? வகிடு அகலமாகுதா? ரெண்டு, மூணு மாசத்துக்கு முன்னாடி உடம்புக்கு என்ன வந்துச்சுன்னு காலண்டரைத் திருப்புங்க. டாக்டரைப் பாருங்க. ஹீமோகுளோபின் பார்க்க, தைராய்டு பார்க்க ரத்தம் கொடுங்க. ஹீமோகுளோபின் பரிசோதனை அரசு ஆஸ்பத்திரியில இலவசம். ஒரு பாட்டில் ஆலிவ் ஆயிலைவிட நிச்சயமா சீப்!

பசங்களே, நீங்களும்தான்! 'இது பொண்ணுங்க மேட்டர்'னு பாதியில ஓடிடாதீங்க. டெங்குவும் டைபாய்டும் ஆம்பளை, பொம்பளை பார்த்து வர்றதில்லை. தொப்பி போட்டு மறைக்கிறதுக்கு முன்னாடி ஒரு தடவை டாக்டர்கிட்ட தலையைக் காட்டுங்க.

நம்ம வீட்டுல அம்மாவோ அப்பாயியோ நம்மளை முன்னாடி உட்காரவெச்சு எண்ணெய் தேய்ச்சு விடும்போது, அவங்க விரல் முடியை மட்டும் தொடறதில்லை. நெத்தி சுடுதா, கன்னம் ஒட்டிப்போச்சா, கண்ணு வெளுத்திருக்கான்னு சேர்த்தே பார்த்துடும். ஹாஸ்டல்ல அந்த விரல் கிடையாது. அதனால உங்க ரூம்மேட்டுக்கு நீங்க பாருங்க, உங்களுக்கு அவ பார்க்கட்டும். யாராவது ஒருத்தி திடீர்னு துப்பட்டாவைத் தலையில போட்டுக்கிட்டு கடைசி பெஞ்சுக்குப் போனா, எந்த எண்ணெய் நல்லதுன்னு அப்புறமா பேசிக்கலாம்... "காலையில சாப்பிட்டியாடி?"ன்னு முதல்ல கேளுங்க!